ஒரே தாளில் இரண்டு கொக்குகள்: இணைக்கொக்கு மடிக்கும் முறை

1797இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் 'ஹிடென் சென்பாசுரு ஒரிகாட்டா' என்ற நூல் வெளியானது. காகித மடிப்புக்கென்றே அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று அது. உள்ளே 49 வகைக் கொக்கு அமைப்புகள். ஒரே தாளில் ஆங்காங்கே வெட்டு போட்டு, துண்டாக விடாமல், அலகோடு அலகும் சிறகோடு சிறகும் ஒட்டியபடியே மடித்த கொக்குக் கூட்டங்கள் அவை. வடிவமைத்தவர் குவானா என்ற ஊரின் பௌத்தத் துறவி கிடோ. இந்த அமைப்புகளில் ஒரு கொக்கையும் அடுத்த கொக்கையும் பிடித்துவைத்திருப்பது சில மில்லிமீட்டர் அகலக் காகிதம்தான். அது கிழியாமல் நிற்பதில் கைத்திறனுக்குப் பாதிப் பங்கு, காகிதத்தின் நாருக்குப் பாதிப் பங்கு. அதனால் முதலில் நாரைப் பார்த்துவிடுவோம்.

கி.பி. 105இல் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் தெரிவித்தார். அவருக்கு முன்பே சீனாவில் காகிதம் இருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. சாய் லுன் அதைச் செம்மைப்படுத்தினார் என்பதே சரி. ஜப்பானில், 610இல் கொரியாவின் கொகுர்யோ நாட்டிலிருந்து வந்த துறவி டொன்சோ காகிதமும் மையும் செய்யத் தெரிந்தவர் என்று 'நிஹோன் ஷோகி' வரலாற்று நூல் குறிக்கிறது.

ஜப்பானியர் இந்தக் கலையைத் தமக்கே உரிய வழியில் வளர்த்தார்கள். கோசோ என்னும் காகித மல்பெரிச் செடியின் கிளைகளை ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பார்கள். மேல் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்நாரைச் சாம்பல் கரைசலிலோ சலவைச் சோடாவிலோ வேகவைத்து, அலசி, தூசு பொறுக்கி, கட்டையால் அடித்துப் பிரிப்பார்கள். அடிப்பதுதான் முக்கியம்: நார் பிரிய வேண்டும், அறுபடக் கூடாது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாரோடு டொரோரோ-ஆவோய் வேரின் வழவழப்பான சாற்றைக் கலப்பார்கள். இது வெண்டைக்கு உறவான செடி. சாறும் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரியே இருக்கும். இந்தச் சாறு நீண்ட நார்களைத் திரண்டுவிடாமல் மிதக்கவைக்கிறது. சட்டத்தில் பொருத்திய மூங்கில் பாயால் மொண்டு, முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி மொண்டு, மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பார்கள். இப்படித்தான் வாஷி என்னும் ஜப்பானியக் கைவினைக் காகிதம் பிறக்கிறது. 2014இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்ற செகிஷு-பன்ஷி, ஹோன்-மினோஷி, ஹோசோகவா-ஷி என்ற மூன்று வாஷி வகைகளும் கோசோ நாரில் செய்யப்படுபவையே.

மடிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? கோசோ நார் ஏறக்குறைய 10 மி.மீ. நீளம். மரக்கூழ் நார் பொதுவாக 1 முதல் 3 மி.மீ.தான். கரூர் மாவட்டம் புகளூரில் தயாராவதுபோன்ற கரும்புச் சக்கைக் காகிதத்தின் நாரும் குட்டைதான். எழுதவும் அச்சடிக்கவும் அது போதும். ஆனால் 4 மி.மீ. அகல இணைப்பை எண்ணிப் பாருங்கள். கோசோ தாளில் ஒவ்வொரு நாரும் அந்த இணைப்பைத் தாண்டி இரு பக்கமும் ஊன்றி நிற்கும். ஜெராக்ஸ் தாளில் நார் இணைப்புக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டு முறை திருகினால் போதும், பிய்ந்துவிடும்.

ஆகவே தாள் வாங்கும்போது கோசோ வாஷி, 30 முதல் 40 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கேளுங்கள். கலைப்பொருள் கடைகளில் 'மல்பெரி பேப்பர்' என்ற பெயரில் விற்பார்கள். பூவிதழ், பூவின் துகள் பதித்த வகை வேண்டாம். மடிப்புக் கோடு அந்த இடத்தில் வளைந்துபோகும். பயிற்சிக்கு மட்டும் சாதாரணத் தாளில் தனிக்கொக்கு மடித்துப் பழகுங்கள்.

தாளில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஓரத்தில் சிறிது கிழித்துப் பாருங்கள். நார் ஓடும் திசையில் கிழிசல் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். வாஷியிலும் இது உண்டு, சட்டத்தை ஆட்டிய திசையில் நார்கள் ஓரளவு அணிவகுப்பதால்.

இப்போது 30 × 15 செ.மீ. செவ்வகம் வெட்டுங்கள். நார் 30 செ.மீ. நீளவாக்கில் ஓட வேண்டும். நடுவில், 15 செ.மீ. இடத்தில், பென்சிலால் மெல்லிய கோடு. அந்தக் கோட்டில் மேல் ஓரத்திலிருந்து 4 மி.மீ. கீழே ஊசியால் ஒரு துளை போடுங்கள். கீழ் ஓரத்தில் தொடங்கி அந்தத் துளைவரை மட்டும் ஸ்கேல் வைத்துக் கட்டரால் வெட்டுங்கள். இரண்டு 15 செ.மீ. சதுரங்கள், ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்டு நாருக்குக் குறுக்கே போவதால் கிழிசல் மேலேற வேண்டுமானால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். துளை எதற்கு? கூர்மையான வெட்டு முனையில் இழுவிசை குவியும். வட்டத் துளையில் அது பரவிவிடும்.

முதல் சதுரம். நிறப்பக்கம் மேலே இருக்க, இரு மூலைவிட்டங்களையும் உள்நோக்கி மடித்து விரியுங்கள். திருப்பிப் போட்டு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாதியாக மடித்து விரியுங்கள். நான்கு மூலைகளையும் ஒன்றுகூட்டினால் சிறிய சதுரமாகத் தானே படியும். கூட்டும்போது, ஒட்டியிருக்கும் மூலை முன் இதழிலோ பின் இதழிலோ வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள மூலைகள் சிறகாகும், பக்கவாட்டு மூலைகள் கழுத்தும் வாலும் ஆகும். நமக்கு வேண்டியது சிறகோடு சிறகு.

நான்கு மூலைகளும் சேரும் திறந்த முனையை உங்களை நோக்கி வையுங்கள். மேலடுக்கின் கீழ்ப்பக்க இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேலே மீதியாகும் முக்கோணத்தைக் கீழே மடித்து அழுத்தி, மூன்றையும் விரியுங்கள். இப்போது மேலடுக்கின் கீழ் மூலையைத் தூக்கி மேலே இழுத்தால் பக்கங்கள் உள்ளே சரிந்து நீண்ட வைர வடிவம் வரும். பின்பக்கமும் அப்படியே. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூடிய முனையிலிருந்து மடித்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் இதழ் விரியாது. பலவந்தம் பண்ணாமல் தலைகீழாக்கிப் பாருங்கள்.

கீழே இரண்டு கால்கள் தொங்கும். அவற்றின் வெளி ஓரங்களை நடுக்கோட்டை நோக்கி மடிக்கும்போது கோட்டைத் தொடாமல் 1 மி.மீ. விட்டுவிடுங்கள். அடுத்து அந்தக் கால்களை அடுக்குகளுக்கு நடுவே உள்மடிப்பாக மேலே தூக்கும்போது காகிதத்தின் கனத்துக்கு அந்த இடம் வேண்டும். இடைவெளி விடாத கொக்கின் கழுத்து அடியில் கசங்கி வெள்ளைக் கோடு தெரியும்.

இங்கே நிறுத்துங்கள். அலகு மடிக்காமல், சிறகு விரிக்காமல், இரண்டாம் சதுரத்தை இதே நிலைவரை கொண்டுவாருங்கள். முதல் கொக்கை முழுதாக முடித்துவிட்டால் விரிந்த சிறகு ஒவ்வொரு திருப்பலிலும் இணைப்பைத் திருகிக்கொண்டே இருக்கும். தாளைத் திருப்பும்போதும் இரண்டு பாதிகளையும் சேர்த்தே திருப்புங்கள். முதல் பாதியை ஒரு கிளிப்பால் இறுக்கிவைத்தால் கை சுலபமாகும்.

கடைசியில் இரண்டுக்கும் ஒரு முனையில் அலகை உள்மடிப்பாக வளைத்து, இணைந்த சிறகுகளை இறக்குங்கள், வெளிச்சிறகுகளைப் பிறகு. இணைப்பின் மேல் நகத்தால் தேய்க்கவே கூடாது. அங்கே நார் நலிந்து பஞ்சு கிளம்பினால், 3 மி.மீ. அகல மெல்லிய கோசோ துண்டை நீர்த்த மைதாப் பசையால் பின்பக்கம் ஒட்டி முழுக்க உலரவிடுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கித் தொளதொளவென்று ஆகும், மடிப்பு நிற்காது. அன்று தாளை ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வேறு நாள் எடுப்பது நல்லது.

இரண்டு கைவந்தபின் 30 செ.மீ. சதுரத் தாளில் நான்கு பக்க நடுப்புள்ளிகளிலிருந்தும் மையத்தை நோக்கி வெட்டி, மையத்துக்கு 4 மி.மீ. முன்பே நான்கு வெட்டுகளையும் நிறுத்துங்கள். மையத்தில் சிறகு கோத்த நான்கு கொக்குகள் கிடைக்கும்.