மொட்டை மாடியில் ஸ்விம் ஸ்பா: தொட்டிக்கு முன் தூணைப் பாருங்கள்

ஸ்விம் ஸ்பா என்பது நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்திலேயே நீந்தும் சிறிய ஃபைபர் தொட்டி. பார்வைக்கு லேசான பொருள். 14 அடி நீளம், 7 அடி அகலமுள்ள வெறும் கூடு 400 கிலோவைச் சுற்றித்தான் வரும்; எட்டுப் பேர் பிடித்தால் நகர்ந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலரும் "மாடி தாங்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையான எடை தண்ணீரில் இருக்கிறது.

உள்ளளவு 3.9 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், தண்ணீர் 1.05 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 7,400 லிட்டர், அதாவது 7.4 டன். கூடு, பம்பு, இறங்கும் நான்கு பேர் எல்லாம் சேர்த்தால் 8.2 டன் ஆகிவிடும். தொட்டி உட்காரும் பரப்பு 9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 900 கிலோ! ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய எடைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் லோடு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். "ஆயிரம் லிட்டர் டேங்க் இத்தனை வருஷமாக நிற்கிறதே" என்று கேட்பார்கள். அது ஒரு டன், பெரும்பாலும் படிக்கட்டு அறைச் சுவர்மேல் நிற்கிறது. இது எட்டு டன், மாடியின் நடுவில்.

ஆகவே தொட்டியின் எடை ஸ்லாபை, அதாவது மாடியின் காங்கிரீட் தளத்தை, தொடவே கூடாது. தூணிலிருந்து தூணுக்கு இரும்பு பீம், அதன்மேல் தொட்டி, சுற்றி உயர்த்திய டெக் (பலகை மேடை). இதுதான் முறை.

எந்த வீட்டில் முடியும்

மாடியில் தூண் கம்பிகள் அடுத்த மாடிக்காக நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா? அந்த வீடுதான் இந்த வேலைக்கு வசதி. இன்னொரு மாடியின் எடையை எதிர்பார்த்து அஸ்திவாரம் போட்டிருந்தால், அந்த மிச்சத் தெம்பைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் கம்பி நீட்டியிருப்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய டிராயிங்கைத் தேடி எடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் தூண் அளவு, அடித்தளம், மண் மூன்றையும் சரிபார்த்து எழுத்தில் வாங்குங்கள். தூணே இல்லாமல் செங்கல் சுவர் தாங்கும் பழைய வீடு என்றால் மாடி ஆசையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் டெக் போடுங்கள். அபார்ட்மென்ட் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் சம்மதம் இல்லாமல் அளவுகூட எடுக்க வேண்டாம்.

நீட்டிய கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். காங்கிரீட்டை நல்ல கம்பி தெரியும் வரை கொத்தி, துருவை வயர் பிரஷால் தேய்த்து, அதிலிருந்து 30 செ.மீ. உயரப் பீடம் எழுப்ப வேண்டும். மேலே 12 மி.மீ. பேஸ் பிளேட், நான்கு ஆங்கர் போல்ட். பீடம் ஸ்லாபைச் சந்திக்கும் மூலையில்தான் பின்னால் ஒழுகும். பீடத்தைச் சுற்றி அரை அடி அகலத்துக்குத் தட்டு ஓடுகளை எடுத்து, மூலையைச் சரிவாகப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். டெக் போட்ட பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

பீம் சைஸில் கஞ்சத்தனம் கூடாது. தூண்களுக்கு நடுவே 4.5 மீட்டர், இரண்டு பீம், ஆளுக்கு 4.1 டன் என்றால், ஐ.எஸ்.எம்.பி. 200 (200 மி.மீ. உயர 'I' வடிவ இரும்பு பீம்) உடையாது, ஆனால் நடுவில் 11 மி.மீ. போலத் தொய்யும். ஐ.எஸ்.எம்.பி. 250 போட்டால் தொய்வு 5 மி.மீ.க்குள் நிற்கும். மீட்டருக்குக் கூடுதல் இரும்பு 12 கிலோதான். இரும்பு வளைந்தால் நிமிர்ந்துவிடும், ஃபைபர் அப்படியில்லை. தொட்டி நிறையும்போதும் காலியாகும்போதும் அடித்தளம் மேலும் கீழும் ஆடினால், தொட்டியின் உள்படிக்கட்டு மூலைகளில் முடி போன்ற கீறல் விழுந்து வருடத்துக்கு வருடம் நீளும்.

பீமுக்குக் குறுக்கே 40 செ.மீ.க்கு ஒன்றாக 100 × 50 × 4 மி.மீ. பாக்ஸ் பைப்பை, 100 மி.மீ. பக்கம் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். மேலே 18 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு, அதற்கும் மேல் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டி ஃபோம்) ஷீட். சின்னச் சின்ன மேடுபள்ளத்தை அந்த ஷீட் விழுங்கிவிடும். ட்யூப் லெவல் பிடித்து நான்கு மூலையிலும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், தொட்டி வருவதற்கு முன்பே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். டெக்கின் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை நடப்பதற்கு மட்டும். அதன்மேல் தொட்டியை உட்கார வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உயரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பீடம், பீம், பைப் சேர்ந்து தொட்டியின் அடியே 65 செ.மீ.க்கு வந்துவிடும். தொட்டி 1.25 மீட்டர். விளிம்பு டெக்கிலிருந்து 45 செ.மீ. மேலே இருந்தால்தான் உட்கார்ந்து காலைத் திருப்பி இறங்க வசதி. அப்படியென்றால் டெக் மாடித் தரையிலிருந்து 1.45 மீட்டர். உங்கள் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர்தானே? டெக்கில் நிற்பவருக்கு அது கணுக்காலுக்கும் கீழே. டெக்கிலிருந்து 1.2 மீட்டர் உயரத்துக்குப் புதுக் கைப்பிடி கட்டாயம், அதுவும் குழந்தை ஏற முடியாதபடி நெட்டுக்கம்பி வைத்தது.

தொட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது

முதல் கேள்வி: இது மண்ணில் புதைக்கும் கூடா, தனியாக நிற்கும் கூடா? ஷோரூமில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். புதைக்கும் வகைக்குச் சுற்றியுள்ள மண்தான் முட்டு. மேலே சொன்ன அளவுத் தொட்டியில் நீளச் சுவரைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை 2 டன்னுக்கு மேல். மண் இல்லாத டெக்கில் அந்தச் சுவர் வயிறு தள்ளும். வெளிப்பக்கம் விலா எலும்பு மாதிரி ரிப் இருக்க வேண்டும், அல்லது இரும்புச் சட்டத்துக்குள் வர வேண்டும்.

இரண்டாவது, ஸ்கிம்மருக்காக (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) வெட்டியெடுத்த துண்டைக் கேளுங்கள். தொட்டியின் ஜாதகம் அந்தத் துண்டில் இருக்கிறது. வெட்டு முகத்தில் ஜெல்கோட் (பளபளப்பான மேல்பூச்சு) ஒரே கனத்தில் போகிறதா, அதன் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் வைனைல் எஸ்டர் ரெசின் அடுக்கு உண்டா, கண்ணாடி இழைக்கு நடுவே காற்றுக் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். வெர்னியர் அளவுகோல் வைத்தால் கனம் 6 முதல் 8 மி.மீ. வர வேண்டும். வைனைல் எஸ்டர் இல்லாத மலிவுக் கூட்டில் தண்ணீர் மெல்ல உள்ளே ஊடுருவி, சில வருடத்தில் கொப்புளம் கிளம்பும். பிறகு கூட்டை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிக்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்று மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பின்பக்கத்தில் அசிட்டோன் பஞ்சால் துடைத்துப் பிசுபிசுத்தால் ரெசின் சரியாக வேகவில்லை.

நீளம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஐந்தடி எட்டங்குல ஆள் கை நீட்டிப் படுத்தால் 2.3 மீட்டர் வரும். உள்நீளம் 3.7 மீட்டருக்குக் குறைந்தால் நீந்தும்போது கால் சுவரில் இடிக்கும். நீரோட்டத்துக்கு ஜெட் வைத்த மாடல், புரொப்பல்லர் வைத்த மாடல் என இரண்டு உண்டு. ஜெட் ஓட்டம் குறுகலாக, முகத்தில் அடிக்கும். புரொப்பல்லர் ஓட்டம் அகலமாக, சீராக வரும், விலையும் அதற்கேற்ப. இந்தச் சிறிய அளவுக்கு எங்கள் கருத்து: இடுப்பில் கட்டும் எலாஸ்டிக் பெல்ட் ஒன்று போதும், ஜெட் முதுகு வலிக்கு இருக்கட்டும்.

சென்னை, மதுரை வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். தண்ணீர் மே மாதத்தில் தானே வெந்நீராகிவிடும். கருநீலக் கூடு போட்டோவில் அழகாக இருக்கும். வெளிர் நிறத்தையே வாங்குங்கள், மேலே நிழல் வலைக்கும் இடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஹீட் பம்ப், தடித்த மூடி, கூட்டுக்கு வெளியே ஃபோம் மூன்றும் தேவை.

ஏற்றுவதும் இணைப்பதும்

கிரேன் வரும் தெருவில் ஈ.பி. ஒயர் போகிறதா என்று பாருங்கள். போனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும். விளிம்பில் கொக்கி மாட்டாதீர்கள். அடியில் இரண்டு அகல நைலான் பெல்ட், மேலே பெல்ட்டை விரித்துப் பிடிக்கும் பார், இரு முனையிலும் ஆட்டத்தைப் பிடிக்கக் கயிறு. காற்றடிக்கும் மாலையில் வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பம்பு டெக்குக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். இரு பக்கமும் வால்வும் யூனியனும் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) இல்லையென்றால், சீல் மாற்ற ஒவ்வொரு முறையும் 7,400 லிட்டரை வெளியேற்ற வேண்டியிருக்கும். பம்புக்கு மேலே டெக்கில் 60 செ.மீ. சதுரத் திறப்பு விடுங்கள். ஒரு 63 மி.மீ. உறிஞ்சு குழாயில் மணிக்கு 14,000 லிட்டருக்கு மேல் இழுத்தால் பம்பு கூழாங்கல் உருளுவது போல இரையும். ஜெட் பம்புக்கு இரண்டு குழாய் கொடுங்கள். உறிஞ்சும் வாயும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு, இரண்டின் குழாயும் பம்புக்கு முன் ஒன்றாகச் சேர வேண்டும், இரண்டுக்கும் குவிந்த மூடி. ஒற்றை வாயில் கூந்தலோ குழந்தையின் முதுகோ ஒட்டினால் இழுத்து எடுக்க முடியாது. இதில் சமரசம் கிடையாது.

3 எச்.பி. மோட்டார் சிங்கிள் ஃபேஸில் 14 ஆம்பியர் போல இழுக்கும். தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் தேவை. ஆர்.சி.சி.பி. வீட்டு மெயினில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால் அதன் முகப்பைப் படியுங்கள். 100 மில்லி ஆம்பியர் என்றிருந்தால் ஈரத்தில் நிற்கும் ஆளை அது காப்பாற்றாது. பீம், ஏணி, கைப்பிடி, மோட்டார் உடல் எல்லாவற்றையும் செம்பு ஒயரால் ஒன்றாகக் கட்டி எர்த்தில் சேருங்கள். உள்விளக்கு 12 வோல்ட் மட்டும். கடற்கரைப் பக்கமென்றால் இரும்பு கால்வனைஸ் செய்தது, போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், 304 பழுப்பேறிவிடும்.

தண்ணீர் விடும் நாள்

ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். 30 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். பீமின் நடுவிலிருந்து ஸ்லாபுக்கு உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து பீமிலேயே சாக்பீஸால் எழுதுங்கள். அடுத்த 30, மறுபடி அளவு. இன்ஜினியர் சொன்ன தொய்வைத் தாண்டினால் உடனே வடித்துவிடுங்கள். நிறைந்தபின் ஒரு நாள் விட்டு, கீழ்வீட்டுச் சீலிங்கில் புதுக் கீறல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டவுடன் டீ நிறமாகும். 9,000 லிட்டர் நல்ல தண்ணீர் லாரி ஒன்று சொல்லிவிடுவது நிம்மதி. பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். குளோரின் மாத்திரையைத் தரையில் போட்டால் ஜெல்கோட் அந்த இடத்தில் வட்டமாக வெளுக்கும், மிதவையில்தான் போட வேண்டும். பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் அடியில் சுண்ணாம்பாகப் படியும். கோடையில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியானாலும் 42 லிட்டர் போகும், அதை ஒழுகல் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகமென்றால் பக்கெட்டில் தண்ணீர் வைத்துத் தொட்டியின் உள்படிக்கட்டில் நிறுத்தி, இரண்டும் ஒரே அளவு குறைகிறதா என்று பாருங்கள். டெக்குக்கு அடியில் தேங்கும் தண்ணீரில்தான் கொசு முட்டையிடும், தொட்டியில் அல்ல.

புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். நிறைந்த தொட்டி எட்டு டன், அசையாது. காலிக் கூடு காற்றுக்குப் பாய்மரம். ஓவர்ஃப்ளோ குழாயை மட்டும் இலை அடைக்காமல் பார்த்து, நிழல் வலையைக் கழற்றி, மோட்டார் லைனை அணைத்துவிட்டு இறங்குங்கள்.