வரப்போகும் கட்டடத்தைத் தெருவில் நின்றபடி காட்டுவது எப்படி?

மந்தைவெளியிலோ கோடம்பாக்கத்திலோ பழைய அடுக்ககம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு தொடங்கினால், உரிமையாளர்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் வானத்தில் வட்டமிடும் ஒரு பளபளப்பான காணொளிதான். அந்தத் தெருவில் யாரும் பறந்து வீடு திரும்புவதில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டடம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், எதிர்வீட்டின் வெயிலை அது எவ்வளவு மறைக்கும் என்பதைக் காட்டும் காணொளியே கூட்டத்தில் பயன்படும். தெருவைப் படமெடுத்து, கணினியில் வரைந்த புதிய கட்டடத்தை அந்தக் காட்சியில் பொருத்துவதுதான் வழி. அதைச் செய்ய ஒரு நல்ல கைபேசியும், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும், நீளமான அளவு நாடாவும் போதும்.

படப்பிடிப்பை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொண்டால் தெருவில் வண்டிகள் குறைவாக இருக்கும். கேமராவைத் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில், அதாவது கண் மட்டத்தில் பிடித்து, மெதுவாக நடந்து எடுக்க வேண்டும். 0.5 என்று குறிக்கப்பட்டிருக்கும் அகலக் கோண லென்ஸைத் தொடவே கூடாது; அது 30 அடித் தெருவை அண்ணா சாலையாகக் காட்டிவிடும். ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, நடுக்கத்தைச் சீர்செய்யும் வசதியையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது ஒவ்வொரு சட்டகத்தையும் (frame) வெவ்வேறு விதமாக வெட்டிக்கொடுப்பதால் பிறகு கேமராவின் பாதையைக் கணக்கிடுவது தடுமாறும். எடுத்து முடித்ததும் மதிலின் நீளம், மின்கம்பங்களுக்கு இடையிலுள்ள தூரம், பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவர் வரையிலான உயரம் ஆகியவற்றை அளந்து, படம் எடுத்த நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிளெண்டரில் காணொளியைத் திறந்து, மதில் மூலை, ஜன்னல் விளிம்பு போன்ற அசையாப் புள்ளிகளில் குறைந்தது எட்டையாவது எல்லாச் சட்டகங்களிலும் பின்தொடரச் செய்து, கேமரா நகர்ந்த பாதையைக் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கில் மென்பொருள் காட்டும் பிழை ஒரு பிக்சலுக்குக் கீழே வரும்வரை, தடுமாறும் புள்ளிகளை நீக்குங்கள். பிறகு மதிலின் உண்மையான நீளத்தைக் கொடுத்து அளவை நிலைப்படுத்த வேண்டும். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுப் புதிய கட்டடத்தை நுழைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் பழைய கட்டடத்தையே அளந்த கணக்கில் ஒரு வெறும் பெட்டியாக வரைந்து வைத்துப் பாருங்கள். நடந்து போகும் காட்சி முழுவதும் பெட்டியின் விளிம்பு உண்மையான கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றால் மட்டுமே, அடுத்து வைக்கப்போகும் கட்டடத்தின் உயரத்தை நம்பலாம்.

நிழல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சென்னையின் அட்சரேகை 13.08 பாகை வடக்கு. அதையும் தீர்க்கரேகையையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் மென்பொருளே சூரியனை உரிய இடத்தில் நிறுத்தும். வடதிசையை மட்டும் கைபேசித் திசைகாட்டியிலிருந்து எடுக்காமல், மனை வரைபடத்திலிருந்து எடுங்கள். தமிழ்நாட்டு விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு உச்ச வரம்பான 18.30 மீட்டரை வைத்துக்கொண்டால், டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்கே சுமார் 44 அடி நீளும். தெருவின் தென்புறத்தில் முன்பக்கம் 10 அடி விட்டுக் கட்டினாலும், அது 30 அடித் தெருவைக் கடந்து எதிர்வீட்டு மதிலுக்குள் 4 அடி புகுந்துவிடும். ஜூன் 21 நண்பகலிலோ சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், நிழல் தெற்குப் பக்கம் சுமார் 11 அடிதான். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டிய நண்பகலில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் எந்தக் கட்டடமும் பரம சாதுவாகத் தெரியும். எனவே டிசம்பர், ஜூன் இரண்டையும் காலை, நண்பகல், மாலை என்று காட்டுவதே நேர்மை.

வண்ணத்துக்கும் கண்ணாடிக்கும் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் மென்பொருள்களோடு வரும் மேப்பிள் மரங்களையும் ஐரோப்பிய நீல வானத்தையும் அகற்றிவிட்டு, தெருவில் உண்மையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையும் புங்கையையும் காணொளியிலிருந்தே முன்னால் கொண்டுவாருங்கள். வெட்டப்படப்போகும் மரத்தைப் படத்திலும் நீக்கிவிட வேண்டும். ஒருமுறை அழகு கருதி வாசலோர டிரான்ஸ்ஃபார்மரை நான் அழித்துவிட, கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "அதை எங்கே சார் மாற்றப்போகிறீர்கள்?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஏ.சி. வெளிப்பெட்டிகள் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: இருக்கப்போவதை அழகுக்காக மறைக்கக் கூடாது.

விற்பனைக்கும் இந்தக் காணொளி போகுமென்றால், 2016-ஆம் ஆண்டு ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டத்தின் 12-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள்: விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்கு, கட்டுநர் ஈடு தர வேண்டும். ஆகவே எந்த வரைபடத்தின் எத்தனையாவது திருத்தத்தின்படி, எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதைக் காணொளியின் மூலையிலேயே படிக்கும் அளவில் எழுதிவிடுங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியின்போது வரைபடம் மாறினால், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பழைய காணொளி எது என்று அதை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும்.