எந்த வேலைக்கு எந்த எண்ணெய்?

எண்ணெய் வாங்கும்போது அது எந்த விதையில் எடுத்தது என்பதைப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். சுத்திகரிக்கும்போது, எளிதில் கருகும் கசடும் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களும் நீங்கிவிடுவதே காரணம். கூடவே மணமும் போய்விடும். ஆகவே மணம் வேண்டிய சமையலுக்குச் செக்கு எண்ணெய், கடும் சூட்டுக்குச் சுத்திகரித்த எண்ணெய் என்பது முதல் கணக்கு.

ஆனால் புகையும் சூட்டை மட்டும் நம்பி எண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 225 டிகிரி வரை புகையாது. இருந்தும் சாதாரண வகையில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். இது காற்றோடும் சூட்டோடும் சீக்கிரம் வினைபுரியும். பொரித்த சட்டியின் ஓரத்தில் தேய்த்தாலும் போகாமல் ஒட்டும் மஞ்சள் பிசின் இப்படி உண்டாவதுதான். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஏறத்தாழ 190 டிகிரியிலேயே புகைந்தாலும், அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது அப்படிச் சீக்கிரம் வினைபுரியாத ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதனால் மிதமான தீயில் வதக்க அது தாராளமாகத் தாங்கும்.

பொரிப்பதற்கு

கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய், பாமாயில், ஓலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் ஆகியவை பொரிக்க ஏற்றவை. கடைசி வகையைச் சாதாரண சூரியகாந்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புட்டியின் மேல் 'ஹை ஓலியிக்' என்று போட்டிருக்கும்.

சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். 170 முதல் 180 டிகிரி வரை சூடு வரட்டும். வெப்பமானி இல்லையென்றால் உலர்ந்த மரக்கரண்டியின் காம்பை உள்ளே நிறுத்திப் பாருங்கள். சுற்றிலும் சிறு குமிழ்கள் விடாமல் எழுந்தால் பதம். குமிழே வராவிட்டால் சூடு போதாது. படபடவென்று கொதித்தால் அதிகம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈடுக்கு 100 முதல் 150 கிராம் போதும். அதற்கு மேல் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, மேல்தோல் மொறுமொறுப்பாவதற்குள் பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும். "இந்த எண்ணெய் ரொம்ப இழுக்குது" என்று எண்ணெயைக் குறை சொல்வதற்குமுன் ஈட்டின் அளவைக் குறைத்துப் பாருங்கள். உப்பைப் பொரித்து எடுத்தபின் தூவுங்கள், எண்ணெய்க்கு மேலே பிடித்துத் தூவாதீர்கள்.

முடிந்ததும் எண்ணெயை ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வையுங்கள். அடியில் தங்கும் துகள்தான் அடுத்த முறை முதலில் கருகி எண்ணெயைக் கெடுப்பது. நிறம் கறுத்தாலோ, கெட்டியாகி இழுபட்டாலோ, நுரை பொங்கி அடங்காமல் நின்றாலோ, 170 டிகிரியிலேயே புகைந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது. அதில் புது எண்ணெயைச் சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். கழித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியபின் புட்டியில் அடைத்து அப்புறப்படுத்துங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடிக்குப் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் சட்டியை மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள்.

சூடு காட்டக் கூடாதவை

ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா 3. அதன் சிறப்பும் பலவீனமும் அதுவே. 107 டிகிரி அளவிலேயே புகையும் என்பதால் சமைத்து இறக்கிய உணவின் மேல் ஊற்றிக்கொள்ளலாம், தாளிக்க உதவாது. சிறிய புட்டியாக வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். வால்நட் எண்ணெய்க்கும் இதே கவனம் வேண்டும்.

நல்லெண்ணெய் இதற்கு விலக்கு. அதிலும் லினோலியிக் அமிலம் கணிசமாக இருந்தாலும், செசமால் போன்ற இயற்கைக் காப்புப் பொருள்கள் இருப்பதால் எளிதில் காறாது.

எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. இதில் செக்கு எண்ணெய்க்கும் சலுகை இல்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 90 விழுக்காடு, பாமாயிலில் பாதி. இவை கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.-ஐ உயர்த்தக்கூடியவை என்பதால் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது மட்டும் இயல்பு, கலப்படத்தின் அடையாளம் அல்ல.

எண்ணெயைக் காறவைப்பவை வெளிச்சம், சூடு, காற்று. செம்பும் இரும்பும் அதை இன்னும் விரைவுபடுத்தும். கருநிறக் கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

சமையலுக்கு வெளியே

விளக்கெண்ணெய் கெட்டியாக ஒட்டி நிற்பது. தோல் பொருள்களை மென்மையாக்கவும் கீல்களுக்குப் பூசவும் நல்லது. பேதியாக்கும் என்பதால் சமையலில் சேர்க்கக் கூடாது.

மரச்சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெய். மெல்லியதாகத் தேய்த்து, 15 நிமிடம் ஊறவிட்டு, மீதியைத் துடைத்தெடுங்கள். தடிமனாக விட்டால் மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுக்கும். எதுவும் கலக்காத பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய் ஓரிரு நாளில் காயும். ஆனால் அதில் உலோக உப்புகள் கலந்திருப்பது வழக்கம் என்பதால் உணவு படும் பலகைக்கு ஆகாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே போடாதீர்கள். எண்ணெய் காயும்போது எழும் சூடு மடிப்புக்குள் தேங்கி, துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகும்வரை காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.