கல்யாண கார்டில் ஸ்கிரிப்ட் எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கல்யாண கார்டு என்றால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பெயருக்கு எட்வர்டியன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ் போன்ற சாய்ந்து சுழித்தோடும் எழுத்தைக் கேட்பவர்கள் நிறைய. மயிரிழைக் கோடும், எழுத்துக்கு எழுத்து விழும் இணைப்பும்தான் அதன் அழகு. கெடுவதும் அங்கேதான்.

ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பதை அப்படியே பார்த்து, பெயர் முழுவதையும் கேப்பிட்டலில் அடிப்பது முதல் தவறு. கேப்பிட்டல்கள் ஒன்றோடொன்று சேர்வதற்காக வரைந்தவை அல்ல. ஒன்றின் சுழி அடுத்ததன் மேல் ஏறிவிடும், பெயரை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். முதலெழுத்து மட்டும் கேப்பிட்டலில் இருந்தால் போதும். இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' இன்னும் மோசம்: சாய்ந்த எழுத்துகளுக்கு நடுவே அந்தச் சாய்கோடும் ஓர் எழுத்தாகத் தெரியும். பெற்றோர் பெயர் வரியைச் சாதாரண நேர் எழுத்தில் வையுங்கள்.

வரியை நிரப்ப எழுத்து இடைவெளியைக் கூட்டினால் இணைப்பு அறுந்து வால்கள் அந்தரத்தில் தொங்கும். இடைவெளி 0 ஆகவே இருக்கட்டும். வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள். போல்ட் பட்டனும் வேண்டாம். தனி போல்ட் வடிவம் இல்லாத எழுத்துருவில் கணினி தானாகச் சுற்றிலும் தடிமன் ஏற்றும், சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

இவற்றின் சிறிய எழுத்துகள் உண்மையிலேயே குள்ளம். 12 பாயிண்டில் பாட்டிக்கு மட்டுமல்ல, பேரனுக்கும் தெரியாது. பெயருக்கு 30 முதல் 36 வரை வையுங்கள். 18க்குக் கீழே இறங்க வேண்டாம். முகூர்த்த நேரம், மண்டப முகவரி, கைப்பேசி எண் எதையும் இந்த எழுத்தில் போடாதீர்கள். 1ஐ 7 என்று படித்தவர் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வருவார்.

அதிகம் சொதப்புவது நிறத்தில். நான்கு மைகளைக் கலந்து அச்சிடும் தங்க நிறம் உண்மையில் புள்ளிகளின் கூட்டம். மயிரிழைக்குள் அவை அடங்காமல் கோடு கறையான் அரித்ததுபோல உடையும். அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்து விட்டாலும் இதே கதை: சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். வெளிர் அட்டையில் ஒரே அடர்மை பத்திரமானது. தங்கம்தான் வேண்டுமென்றால் ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய தாள்) அடியுங்கள். எதுவானாலும் எழுத்தின் விளிம்பில் அதே நிறத்தில் 0.25 பாயிண்ட் கோடு சேர்த்து, அதே அட்டையில் ஒரு மாதிரி அச்சிட்டுப் பாருங்கள். கணினித் திரையை நம்ப வேண்டாம்.

நீண்ட வால்கள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே நிற்கட்டும்.

இந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் அடித்தால் கணினி வேறொன்றை மாற்றிப் போடும். ஜோடி சேர்க்கிறேன் என்று தமிழை வலுக்கட்டாயமாகச் சாய்க்காதீர்கள், மெல்லிய கோடுள்ள நேர் எழுத்தே பொருந்தும். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு என்றால், அது இல்லாத கணினியில் பெயர்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எழுத்துகளை வடிவங்களாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப்பாக அனுப்புங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது; மாற்றாத கோப்பையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.