‘5 முதல் 6 நாள்’ என்று போடாதீர்கள்: வேலைக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலைக்கு ஒற்றை எண் கேட்காமல், ‘சீக்கிரம் முடிந்தால் இத்தனை நாள், இழுத்துக்கொண்டால் இத்தனை’ என்று இரண்டு எண் கேட்கிற ஆன்லைன் மென்பொருள்கள் உண்டு. லிக்விட்பிளானர் என்ற பெயரில் வந்த மென்பொருள் அந்த வகை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ டீம் நடத்துகிறவர்கள் அதிலும் ‘5 முதல் 6 நாள்’ என்று ஒட்டினாற்போல் போட்டுவிட்டால் வாங்கியதே வீண். மேனேஜர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் காரணம். வெளி நிறுவனத்தின் ஏபிஐ (இரண்டு மென்பொருள்களை இணைக்கும் வழி) வந்தால்தான் நகரும் வேலைக்கு 3 முதல் 13 நாள் என்று போடுவதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது கூட்டல். ஒரு டாஸ்க்குக்குச் சீக்கிரம் முடிந்தால் 3 நாள், பெரும்பாலும் 5, இழுத்தால் 13 என்று நடுவில் ஒரு எண்ணையும் சேர்த்து வைப்போம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான பெர்ட் (PERT) என்ற கணிப்பு முறைப்படி, நடு எண்ணை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுத்தால் 6 நாள். இப்படி 10 டாஸ்க், ஒன்றன்பின் ஒன்றாக. 5-களைக் கூட்டி 50 நாள் என்று கிளையண்டுக்கு வாக்குக் கொடுப்பது தவறு. பயந்துபோய் 13-களைக் கூட்டி 130 என்பதும் தவறு. எதிர்பார்க்க வேண்டியது 60. ஒரு டாஸ்க்கின் விலகல், அதாவது எதிர்பார்த்ததிலிருந்து நாள் முன்பின் போகும் அளவு, சுமார் 1.7 நாள் (13-இல் 3 போக 10, அதில் ஆறில் ஒரு பங்கு). பத்துக்கும் சேர்ந்து அது 17 ஆகாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.3 தான். ஆகவே 60-உடன் அந்த விலகலின் 1.28 மடங்கைச் சேர்த்து, 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது சுமார் 67 நாள்.

ஒரு டாஸ்க்கின் தாமதம் இன்னொன்றைத் தொடாதவரைதான் இந்த 67. பத்தும் ஒரே ஏபிஐயை நம்பியிருந்தால் சேர்ந்தே இழுக்கும். அதே 90 சதவீதக் கணக்கு 81 நாள் வரை போகும். இந்தத் தொடர்பை நீங்கள் சொல்லாமல் மென்பொருளுக்குத் தெரியாது. ஏபிஐ வருவதையே தனி டாஸ்க்காக்கி, மற்றவற்றை அதன் பின்னால் இணையுங்கள்.

ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளும் ஏமாற்றும். நான்கு பேர், வெள்ளிக்குள் முடிக்க ஒவ்வொருவருக்கும் 80 சதவீத வாய்ப்பு என்றால், நான்கும் முடிந்திருக்க 41 சதவீதமே. திங்கள் ரிலீஸ் வைப்பது சூதாட்டம்.

நாளுக்கு 8 மணி நேரம் என்ற இயல்பு அமைப்பை அப்படியே விடாதீர்கள். மீட்டிங், சப்போர்ட் போக 5 மணிதான் மிஞ்சுகிறது என்றால் 5 என்றே போடுங்கள். விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். பெங்களூரு அலுவலகக் காலண்டரில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் இருக்கும். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்களின் லீவை அவரவர் பெயரில்தான் ஏற்ற வேண்டும்.

வேலை தொடங்கிய பிறகு ‘90 சதவீதம் முடிந்தது’ என்று எழுதுவதால் பயனில்லை. அந்தக் கடைசி 10 சதவீதம்தான் வாரக்கணக்கில் நிற்கும். மீதி எத்தனை நாள் என்பதை மறுபடியும் இரண்டு எண்ணாகவே, வாரம் ஒருமுறையாவது, வேலை செய்பவரே மாற்றட்டும். வாரங்கள் போயும் அந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலான தூரம் குறையவில்லையா? டாஸ்க் பெரிதாக இருக்கிறது, உடைத்துப் போடுங்கள்.