அரியமான் கடற்கரையில் இரண்டு நாள் ப்ளூஸ்: முதல்முறை நடத்துவோருக்கு

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. அதைத் திறந்தவெளியில் கேட்க அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போனால்தான் உண்டு என்றில்லை. அங்கே 1984-இல் தொடங்கிய விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் விமானக் கட்டணம் இருக்கிறதே. மும்பையில் 2011-இல் தொடங்கிய மகிந்திரா ப்ளூஸ் விழாவும் நமக்குத் தூரம்தான். ராமநாதபுரம் கடற்கரையில் பத்துப் பதினைந்து பேர், இரண்டு கிடார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு சனி ஞாயிறு போதும். ப்ளூஸைப் பெரிய மேடைக்கு எதிரே தூரத்தில் நின்று கேட்பதைவிட, பாடுகிறவருக்கு மறுகுரல் கொடுக்கும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: மாதமும் இடமும்

பிப்ரவரி, மார்ச் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்கு வந்திருக்காது. பௌர்ணமியை ஒட்டிய வாரமாகப் பார்த்தால் விளக்குச் செலவு மிச்சம்.

எல்லோரும் முதலில் சொல்வது தனுஷ்கோடி. வேண்டாம். மாலைக்கு மேல் அங்கே தங்க விடமாட்டார்கள், நிழலும் கிடையாது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, அனுமதியின்றி இறங்கக் கூடாது. உச்சிப்புளி பக்கத்தில் இருக்கும் அரியமான்தான் என் தேர்வு. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை குறைவு. கரையோரச் சவுக்கு மரங்கள் காற்றின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். தங்குவதற்கு மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்பே சொல்லுங்கள். ஒலிபெருக்கி என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அதற்குத் தடை. கிடார் ஒலியைக் கூட்ட, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்று போதும். பாங்கு சொல்லும் நேரம் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு, முடிந்ததும் தொடருங்கள். நோன்பு மாதத்தையும் பக்கத்து ஊர்த் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: காற்றைப் பார்த்து உட்காருங்கள்

ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து உதிர்த்துப் பாருங்கள். அது பறக்கும் திசையில் கேட்பவர்கள் உட்கார வேண்டும். வாசிப்பவர்களுக்குக் காற்று முதுகில் இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் குரல் மேலே வளைந்து போய்விடும், பின்வரிசைக்குச் சொற்கள் எட்டாது. அரைவட்டமாக, இரண்டே வரிசை. மைக் வைத்தால் பஞ்சு உறை மாட்டுங்கள். கிடாரை வெயிலில் வைக்கவே கூடாது, ஒட்டிய பசை இளகிவிடும்.

படி 4: பன்னிரண்டு பார்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

பார் என்பது ஒரு தாளச் சுற்று, ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. பன்னிரண்டு பார் சேர்ந்தால் பாட்டின் ஒரு முழுச் சுற்று. ஈ (E) கீயில், அதாவது ஈ சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிப்போம். முதல் 4 பார் ஈ கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு), அடுத்த 2 பார் ஏ (A), மறுபடி 2 பார் ஈ, பிறகு ஒரு பார் பி (B), ஒரு பார் ஏ, கடைசி 2 பார் ஈ. மூன்றையும் ஏழாம் சுரம் சேர்ந்த கார்டாக, அதாவது ஈ7, ஏ7, பி7 என்று பிடித்தால் ப்ளூஸின் நிறம் உடனே வந்துவிடும். வாசிக்கத் தெரியாதவர்கள் 2, 4 எண்ணிக்கையில் கை தட்டட்டும். மவுத் ஆர்கன் ஏ கீயில் இருக்க வேண்டும், ஈ கீயில் அல்ல. ஊதும்போதைவிட மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் அந்தக் குழைவு கிடைக்கும்.

பாட்டில் மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். குரல் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும், மீதி இரண்டு காலி. அந்த இடம் பதிலுக்கானது. அதைப் பாடுகிறவரே நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிடாரோ, மவுத் ஆர்கனோ, உட்கார்ந்திருப்பவர்களின் குரலோ அங்கே வரட்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பருத்திக் காட்டிலும் ரயில் பாதை வேலையிலும் சிறை முகாம்களிலும் ஒருவர் வரி எடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்துப் பாடினார்கள். அந்தப் பழக்கம்தான் பாட்டுக்குள் இந்த இடமாக நிற்கிறது. நம் கரையில் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டிலும் ஒருவர் எடுப்பார், வடத்தைப் பிடித்தவர்கள் 'ஏலேலோ' என்று திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவரை உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே பதில் வரவேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையே இருக்காது.

படி 5: ஒரு பாட்டு எழுதுங்கள்

முதல் வரியைச் சொல்லுங்கள். அதையே கொஞ்சம் மாற்றி இரண்டாவதாகச் சொல்லுங்கள். மூன்றாவதில் சங்கதி வெளிவர வேண்டும். உதாரணத்துக்கு:

வாடைக்காத்து வீசுதம்மா, வல்லம் கரைக்கு வரலையே
வாடைக்காத்து வீசுதம்மா, வல்லம் இன்னும் வரலையே
ஏலங் கேக்க ஆளிருக்கு, எம் மகனைக் காணலையே

பெரிய சொல் எதுவும் வேண்டாம். தெரிந்த துயரம், தெரிந்த பொருள், அது போதும்.

படி 6: இரவில் கேட்பது

வாசிப்பு ஓய்ந்ததும் பதிவுகளைப் போடுங்கள், வரிசையாக. 1923-இல் பதிவு செய்யத் தொடங்கிய பெஸ்ஸி ஸ்மித். 1936, 37-இல் டெக்சாஸில் தன் கிடாரோடு தனியாகப் பாடிய ராபர்ட் ஜான்சன். மிசிசிப்பியிலிருந்து 1943-இல் சிகாகோ போய், கிடாருக்கு மின்சாரம் கொடுத்துப் பெயர் பெற்ற மடி வாட்டர்ஸ். அப்புறம் பி.பி. கிங்: பாடும்போது அவர் கிடாரைத் தொடமாட்டார், வரி முடிந்ததும் கிடார்தான் பதில் சொல்லும். மாலையில் நீங்கள் பழகிய காலி இடத்தை அவரிடம் தெளிவாகக் கேட்கலாம். கடைசியில் ஷில்லாங்கின் சோல்மேட் குழு. அதன் பாடகி திப்ரிதி கர்பங்காரின் குரலை விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு மீன் குழம்பும் சோறும், இனிப்புக்குக் கீழக்கரை தொதல். குடிநீரைக் கேனில் கையோடு கொண்டுபோங்கள், கரையில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

படி 7: ஞாயிறு காலை

வெயில் ஏறுவதற்குள், எழுதிய பாட்டுகளை ஒவ்வொருவராகப் பாடுங்கள். முதல்முறை பாடுகிறவருக்கு உரக்கப் பதில் கொடுங்கள், அவர் அடுத்த வரிக்குத் தயங்கமாட்டார். முடிந்ததும் குப்பையை மூட்டை கட்டி எடுத்துவிடுங்கள். கிடார் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, சற்றுத் தளர்த்தி உறையில் போடுங்கள். உப்புக் காற்று பட்ட கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.