வெறும் வயிறா, ஒரு வாழைப்பழமா?

காலை ஐந்தரைக்கு ஷூ மாட்டும்போது சாப்பிடலாமா வேண்டாமா என்று குழப்பமா? மூன்று விஷயம் தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம்: நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்; இன்றைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி; சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா.

உடம்பு மாவுச்சத்தை இரண்டு இடங்களில் சேமித்து வைக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம். தூங்கும்போது மூளைக்குத் தேவையான சர்க்கரையை ஈரல்தான் கொடுக்கிறது. அதனால் விடிவதற்குள் அந்த இருப்பு பெருமளவு கரைந்துவிடும். தசையில் இருப்பது தூக்கத்தில் அவ்வளவாகக் குறையாது. அதாவது, காலையில் கால்களுக்கு எரிபொருள் இருக்கிறது, ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் கையிருப்புதான் குறைவு. பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் 40 நிமிடம் போனால் இது ஒரு பிரச்சினையே இல்லை. எடை சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் மூன்றாவது செட்டிலோ, மேம்பாலத்தில் ஏறி ஓடும்போதோதான் கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஆனால் எல்லாத் தலைசுற்றலும் பசியால் வருவதில்லை. எழுந்ததும் தண்ணீரே குடிக்காமல் போவது, எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது, இவையும் அதே மாதிரி தள்ளாட வைக்கும். பழத்தைத் தேடும் முன் 300–400 மி.லி. தண்ணீர் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்பிப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் செய்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே? பயிற்சி நடக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மை. மிச்ச நாளில் உடம்பு அந்தக் கணக்கை நேர் செய்துகொள்கிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரு பிரிவாக்கி, நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு பிரிவு வெறும் வயிற்றில், மற்றது சத்துபானம் குடித்துவிட்டு. இரு பிரிவுக்கும் கலோரி குறைத்த உணவுதான். இரு பக்கமும் எடை குறைந்தது, குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பூங்கா வாசலில் நடக்கிற கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 40 நிமிடம் வேகமாக நடந்தால் 180 கலோரி போல எரியும். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை, ஒரு காபி என்றால் அதைவிட அதிகம் உள்ளே போய்விடும்.

ஆகவே நடை, யோகா, சைக்கிளில் மெதுவான சுற்று இவற்றுக்கு வெறும் வயிறே வசதி. முன்வளைந்து செய்யும் ஆசனங்களில் வயிறு நிறைந்திருந்தால் எதுக்களிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், கடுமையான எடைப் பயிற்சி, ஷட்டில் ஆட்டம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரவு சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்திருந்தால் கட்டாயம்.

என்ன சாப்பிடுவது என்பது கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரை மணிக்குள் கிளம்ப வேண்டுமென்றால் ஒரு சிறிய பூவன் பழம், அல்லது இரண்டு மூன்று பேரீச்சை. ஒன்றரை மணி நேரம் இருந்தால் இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார். தேங்காய்ச் சட்னியைக் கிண்ணம் நிறைய வேண்டாம். மூன்று மணி நேரம் இருந்தால் வழக்கமான சாப்பாடே சாப்பிடலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் கொழுப்பில்தான். நெய் மிதக்கும் பொங்கல், பூரி, வடை எல்லாம் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால் வயிற்றில் உள்ளது இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். அப்புறம் விலாவில் குத்து, புளித்த ஏப்பம், குமட்டல். சிலருக்குப் பாலும் இதே வேலையைச் செய்யும். குளுக்கோஸ் பொடி இன்னொரு வகை. பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் அதைக் குடித்தால், இன்சுலின் ஏறிய நேரமும் ஓடத் தொடங்கும் நேரமும் ஒன்றாகி, முதல் பதினைந்து நிமிடத்தில் சிலருக்குக் கை நடுங்கும். குடித்தே ஆக வேண்டுமென்றால் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குடியுங்கள்.

மாலையில் ஜிம் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குப் போனால் ஐந்தரை மணி நேர இடைவெளி. நாலரை மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் ஒரு சிறு கிண்ணம் சுண்டல். வாயு தொல்லை உள்ளவருக்கு அதுவும் ஆகாது, பழம் போதும்.

வெறும் வயிற்றில் எடை தூக்கியவர் காலைச் சாப்பாட்டைப் பத்து மணி வரை தள்ள வேண்டாம். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் 20–25 கிராம் புரதம் போகட்டும். மூன்று முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் அது வந்துவிடும். நான்கு இட்லியில் 8 கிராம் போலத்தான் இருக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மேலே சொன்ன எதையும் அப்படியே பின்பற்றக் கூடாது. வெறும் வயிற்றில் நடக்கலாமா, எந்த மாத்திரையை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். கிளம்பும் முன் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 90 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சிறு பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வழியில் சர்க்கரை இறங்கி, திடீர் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் வீடு வரை சமாளித்துவிடலாம் என்று நடக்காமல் அங்கேயே உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். அவர் திடீர் வியர்வை வந்தாலே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.